நான் தின்னாத லட்டு

பந்தி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் திருடி என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதுவும், சொன்னவர் உங்களுக்குத் தாலி கட்டியவராகவே இருந்தால்?

எனக்கு நடந்தது. மே மாதம் வாசுதேவநல்லூரில் என் சித்தப்பா வீட்டு நிச்சயதார்த்தம். இலை போட்டு, கூட்டு பொரியல் எல்லாம் வந்து, லட்டுத் தட்டோடு வந்த அண்ணாச்சி என் இலைப் பக்கம் குனிந்தார். அவ்வளவுதான்... அடுத்த இலையில் இருந்த எங்க வீட்டுக்காரரின் கை குறுக்கே நீண்டது.

"அவளுக்கு வைக்காதீங்க அண்ணாச்சி. சுகரு! வீட்டுலயே ஒளிச்சு வச்சுத் திங்குதா. மாத்திரை மருந்து எதுக்கும் இறங்க மாட்டேங்கு."

மெதுவாகப் பேசுவது என்பது அவருக்கு வராது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தொண்டை. எதிர்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்து "இந்த வயசுல நாக்கைக் கட்ட வேண்டாமா?" என்று பரிவாகக் கேட்டார். பரிவுதான் இன்னும் எரிந்தது.

விட்டிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். லட்டைப் பார்த்து ஏங்குகிற வயதா எனக்கு? ஆனால் நான் வேண்டாம் என்பதற்கும், என் இலைக்கு இன்னொருவர் வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பருப்பு வடையை எடுத்து ஒரே கடியாகக் கடித்தேன்.

வடையில் ரத்தம்.

பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜெனி பார்த்துவிட்டாள். ஜெனி என் அண்ணன் மகள். பல் டாக்டர். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில்தான், திருவேங்கடம் ரோட்டில் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருக்கிறாள். கை கழுவுகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, ஈறுல ரத்தம் எவ்வளவு காலமா வருது?"

"அது சூடுட்டி. கோடைல்லா."

"மழைக்காலத்துல வரலையா?"

குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். மழைக்காலத்திலும் வந்தது.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் மீதான வழக்கு எப்படி ஜோடிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சுகர் எனக்குப் பழைய சிநேகிதிதான். மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம்தான் திடீரென்று ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி ஏறியது. அந்த மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட் ஒன்று இருக்கிறதே... அதைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், உண்மையைச் சொல்லுங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு போதாதா? வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது.

"காத்தைக் குடிச்சா ஏறுது? எங்கன வச்சுத் திங்குத, சொல்லிரு கிரேஸு."

"நான் திங்கலைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் வந்து படுத்தவரிடம் "என்ன தப்பு பண்ணினே?" என்று யாராவது கேட்கிறார்களா? ரசம் வைத்துக் கொடுக்கிறோம். காலை உடைத்துக்கொண்டு வந்தால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம். சுகர் ஏறினால் மட்டும் குற்றவாளிக் கூண்டு! நோயாளி வாயைத் திறந்தாலே பொய் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறோம்.

ஊரும் சேர்ந்துகொண்டது. தேரடிப் பக்கம் ஸ்வீட் கடையில், ஸ்கூலில் ஒருவர் ரிட்டயர் ஆகிறார் என்று மைசூர்பாகு கேட்டேன். கடைக்காரர் தராசைத் தொடாமல், "சாருக்குத் தெரியுமா டீச்சர்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து எடுக்கிறோம் இல்லையா, ஒரு சின்ன மடக்கு திராட்சை ரசம்... அதையும் எங்க வீட்டுக்காரர் விடவில்லை. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். "ஐயர் உனக்கு மட்டும் கூட ஊத்துதாரோ?" என்று ஆராதனை முடிந்து வரும் வழியில் கேட்டார். கர்த்தருடைய பந்தியிலும் எனக்கு உளவு!

இதில் என்னை வசமாக மாட்டிவிட்டது கிராம்பு.

வாயில் ஒரு வாடை வருவது போல எனக்கே தோன்றியது. வகுப்பில் பிள்ளைகள் பக்கத்தில் குனிந்து பேசக் கூச்சமாக இருந்தது. ஈறும் ஒரு மாதிரி தடித்து, நமைச்சலாக இருந்தது. ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வேன். அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"வாய்ல என்ன?"

"கிராம்பு."

"எதுக்கு?"

"ஈறு ஒரு மாதிரி இருக்கு."

"யார்ட்ட சொல்லுத? எதோ வாசத்தை மறைக்கதுக்குல்லா கிராம்பு!"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருக்கு சிகரெட் உண்டு. தெருமுனையில் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு, கிராம்பை மென்றுகொண்டேதான் வீட்டுக்குள் வருவார். அவருடைய சட்டப் புத்தகத்தில் கிராம்பு என்றால் தடயத்தை அழிப்பது. வேறு அர்த்தமே கிடையாது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி, இனிமே நீங்க போடுததுதான் என் சோறு. ஸ்கூலுக்கும் நீங்களே கட்டிக் குடுங்க" என்றேன். அவரும் சளைக்கவில்லை. காலையில் கேப்பைத் தோசை, மத்தியானம் அளந்து ஒரு கரண்டிச் சோறு, காய், சாயங்காலம் சுண்டல். நடக்கப் போனாலும் கூடவே வந்தார். அடுத்த டெஸ்ட் எடுத்தோம். இறங்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் ரிசல்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்போ ஸ்கூல்ல வச்சுத்தான் திங்குத."

அன்றைக்கு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பொய் சொல்லாதவளுக்கு, பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுமா? எனக்குத் தேவை இனிப்பு அல்ல. என் பேச்சை ஒரே ஒரு ஆள் நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

*

நிச்சயதார்த்தம் முடிந்த திங்கட்கிழமை ஜெனியின் கிளினிக்குக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரும் வந்தார். சாட்சியைக் கலைத்துவிடுவேனோ என்ற சந்தேகம்!

ஜெனி சின்னக் கம்பி போன்ற ஒன்றால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஆழம் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். பல் எப்படித் தேய்க்கிறேன் என்று கேட்டாள்.

"பிரஷ் போட்டா ரத்தம் வருது. அதனால விரல்ல பல்பொடி தொட்டுத் தேய்க்கேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க அத்தை. அதான் எனக்குப் பொழப்பு ஓடுது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சுகர் டாக்டர்ட்ட இதைக் காட்டுனீங்களா?" என்றாள்.

காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? அவர் காலைப் பார்ப்பார். கண்ணைப் பரிசோதிக்க எழுதிக் கொடுப்பார். வாயைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுகருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? இது வேறு டிபார்ட்மென்ட் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்.

ஜெனி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி இறங்கியிருக்கு. உள்ள கிருமி. அதை அடிக்க நம்ம உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். முதல்ல ஓடி வாரதுக்குப் பேரு நியூட்ரோபில். கிருமியை முழுங்கும், கொல்லுத ரசாயனத்தையும் கக்கும். வேலை முடிஞ்சதும் அது சாகணும். வேற வகை அணு வந்து அந்தக் குப்பையை அள்ளிட்டுப் போகும். அதோட சண்டை ஓயணும்."

"ஓயலையா?"

"கிருமி காரையா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, எப்படி ஓயும்? இதுகளும் வந்துக்கிட்டே இருக்கு. கக்குத ரசாயனம் கிருமியோட நிக்காது. நம்ம ஈறையும் சேத்து அரிக்கும். பல்லைப் பிடிச்சிருக்க எலும்பும் கரைய ஆரம்பிச்சிரும்."

"சரி. இதுல சுகர் எங்கன வருது?" என்று விசாரணை அதிகாரி குறுக்கிட்டார்.

"ரெண்டு பக்கமும் வருது மாமா. சுகர் கூடினா இந்த அணுக்களுக்கு வெறி கூடும், ஆனா வேலை சுத்தமா இருக்காது. கிருமியையும் ஒழுங்காக் கொல்லாது, இடத்தை விட்டும் போகாது. அங்கனயே நின்னு ஆபத்து ஆபத்துன்னு ரசாயனத்தை விட்டுக்கிட்டே இருக்கும். அது ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் போகும். அப்போ இன்சுலின் சொல்லுத பேச்சை உடம்பு சரியாக் கேக்காது. சுகர் ஏறும். ஏறினா ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டா..."

"திரும்பவும் சுகர் ஏறும்" என்று நான் முடித்தேன். "அப்போ ஜெனி, நான் திங்கலைன்னு சொன்னது..."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க தின்னீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது அத்தை. திங்காமலும் ஏறும்னு தெரியும்."

எனக்கு அது போதும். அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே கண்ணீர் காதுக்குள் இறங்கியது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

எங்க வீட்டுக்காரர் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த நியூட்ரோபில் விவகாரத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைக் காப்பாற்றத்தான் வந்தார். அதில் சந்தேகமே இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் என்னையே அரிக்க ஆரம்பித்துவிட்டார். நம் வீடுகளில் பாதிச் சண்டை இப்படித்தானே நடக்கிறது? அன்புதான். அளவு தெரியாத அன்பு. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? ரணம் எனக்கல்லவா?

*

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்சி மாறினார். எப்படி? நேர் எதிர்ப்பக்கமாக!

"எல்லாக் கேட்டுக்கும் பல்லுதான் காரணம்னா, மொத்தமாப் பிடுங்கிப் போட்டுட்டு செட்டு வச்சுருவோம். சுகரும் இறங்கிரும், நீயும் நிம்மதியா இருப்ப."

புளியங்குடியிலிருந்து அவருடைய அக்கா போன் பண்ணினார். "பிடுங்கவும் கூடாது, சுத்தம் பண்ணவும் கூடாது. சுகர் உள்ளவ பல்லுல கை வச்சா புண்ணு ஆறவே ஆறாது. அப்படியே விட்டுரச் சொல்லு. தானா ஆடி விழுந்தா விழட்டும்."

ஒருவர் மொத்தமாகப் பிடுங்கு என்கிறார். ஒருவர் தொடாதே என்கிறார். இரண்டு பேரும் ஸ்பீக்கரில் அரை மணி நேரம் வாதாடினார்கள். பல் யாருடையது? என்னுடையது. என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ம்ஹூம்.

போனை நான் வாங்கினேன். "மைனி, என் பல்லை நான் பிடுங்கப் போறதும் இல்லை, விழ விடப் போறதும் இல்லை. வச்சுக்கிடப் போறேன். ஜெனி முடியும்னு சொல்லுதா. நான் போறேன்." வைத்துவிட்டேன். என்ன சுகம்!

ஜெனி எதையும் மறைக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு பல் தங்காமப் போகலாம் அத்தை. மத்ததைப் பிடிச்சு நிறுத்தப் பாப்போம். இதைச் சரி பண்ணினா சுகர் மொத்தமாப் போயிரும்னு நெனைக்காதீங்க. ஓரளவுக்கு இறங்கலாம். மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் அப்படியே இருக்கணும்." சுகர் டாக்டரிடமும் பேசி, என்னென்ன மாத்திரை எடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள்.

தனியாகத்தான் போனேன். வேண்டுமென்றேதான். பஜார் வழியாக நடக்கும்போது, எங்கே டீச்சர் என்று கேட்டவர்களிடம் எல்லாம் "ஈறு வைத்தியத்துக்கு" என்று பளிச்சென்று சொன்னேன். சுகர் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், இதையும் தெரிந்துகொள்ளட்டும்!

வாயின் ஒவ்வொரு பக்கமாக மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் இறங்கிச் சுரண்டி எடுத்தாள். கரகரவென்ற அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்கும். முதல் தடவை பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கீழ்வரிசையில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டாள். புண் ஆறாமல் போய்விடுமோ என்று மைனி கிளப்பிய பயம் இருந்தது. ஆறியது. கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஆறியது.

காலையும் ராத்திரியும் மெத்தென்ற பிரஷ். பல் இடுக்குக்குக் குச்சி போன்ற ஒரு குட்டி பிரஷ். ஆரம்பத்தில் ரத்தம் வந்தது. வந்தாலும் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். விடவில்லை. பிறகு ஒரு நாள் துப்பினேன்... வெறும் நுரை. வெள்ளை வெளேரென்று. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாஷ் பேசினைக் காட்டினேன். "இதைப் போய் எதுக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டுத?" என்றார். அவருக்கு எங்கே புரியும்?

*

போன செவ்வாய்க்கிழமை டெஸ்ட் ரிசல்ட்டோடு சுகர் டாக்டரிடம் போனோம். மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் இறங்கியிருக்கிறது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக, இறங்கியிருக்கிறது!

"வெரி குட் டீச்சர். ஸ்வீட்டை நிறுத்திட்டீங்க போல?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் பக்கத்து நாற்காலி பேசியது. "நான் ஒரு கண்ணு வச்சிருந்தேன்லா டாக்டர், அதான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்து நின்றுவிட்டேன். ஸ்வீட்டே தின்னாதவள் எதை நிறுத்துவது? சாப்பாடு அதே சாப்பாடு, மாத்திரை அதே மாத்திரை, நடை அதே நடை, மாறியது என் ஈறு மட்டும்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். ஜெனி கொடுத்த எக்ஸ்ரேயை மேஜையில் வைத்தேன். "என் காலைப் பாக்கீங்க, கண்ணைப் பாக்கீங்க. ஒரு தடவை இதையும் பாருங்க டாக்டர்."

அவரைப் பாராட்ட வேண்டும். கோபப்படவில்லை. டார்ச்சை எடுத்துவந்து என் வாய்க்குள் அடித்து நிதானமாகப் பார்த்தார். "இதை நான் முன்னாலேயே கேட்டிருக்கணும்" என்றார்.

வெளியே மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசை. எங்க வீட்டுக்காரரைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"வாசுதேவநல்லூர்ல சொன்னீங்கல்லா... இப்போ மாத்திச் சொல்லுங்க."

அவர் செருப்பைப் பார்த்தார். "நீ... திங்கலை" என்றார், முணுமுணுப்பாக.

"கேக்கலை. பந்தியில சொன்ன சத்தத்துல சொல்லுங்க."

"ஏட்டி, நீ திங்கலை! போதுமா? என் மேலதான் தப்பு!"

மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கண் ஒரு மாதிரி இருந்தது. போதும் என்றேன். நிஜமாகவே போதும் என்றுதான் இருந்தது...

அப்போது டாக்டர் அறையின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. எங்களுக்கு அடுத்து உள்ளே போன அம்மாவின் குரல் வெளியே கேட்டது. குருவிகுளம் பக்கத்து ஆட்களாம்.

"எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்காரு டாக்டர். தோட்டத்துல வச்சுக் கருப்பட்டியத் திங்காரு!"

"சத்தியமா நான் திங்கலை சார்" என்றது ஓர் ஆண் குரல். களைத்த குரல். எத்தனை தடவை சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரல் என்று எனக்குத் தெரியாதா?

"ஏட்டி, எங்க போற?" என்று எங்க வீட்டுக்காரர் என் பையைப் பிடித்து இழுத்தார்.

அந்த மனிதரை எனக்கு முன்னேபின்னே தெரியாது. கருப்பட்டி தின்றாரா, தின்னவில்லையா... அதுவும் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"முதல்ல அவரை வாயைத் தொறக்கச் சொல்லுங்க டாக்டர். பொறவு கேஸ் எழுதலாம்!"